தேர்ச்சி பெற்ற முப்பது முட்டைகள்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு உருப்படியாக ஒன்று செய்தது என்றால், அது எங்கள் முட்டைத் தர ஆய்வு அலுவலகத்தைத் திறந்ததுதான். நான் அங்கே உதவியாளன். பெருமைக்காகச் சொல்லவில்லை; ஆனால் பெருமையாகத்தான் இருக்கிறது.

எங்கள் விதி எளிமையானது. முட்டை விற்க விரும்புகிறவர் ஒரு தட்டு முட்டையை, அதாவது முப்பதை, கொண்டுவர வேண்டும். அதிகாரி ஒவ்வொன்றையும் முகர்ந்து, விளக்குக்கு முன்னால் பிடித்து, தண்ணீரில் போட்டுப் பார்ப்பார். தேறிய முட்டையின் மேல் 'தரமானது' என்று முத்திரை குத்துவார். முத்திரை விழுந்த முப்பதையும் முழுசாகக் காட்டினால் உரிமம் கிடைக்கும். விளக்கில் பல்பு போய் மூன்று வருடமாகிறது. புது பல்பு கேட்டு எழுதியிருக்கிறோம். அதுவரை விளக்குக்கு முன்னால் பிடிப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இதில் ஒரு சின்னச் சிக்கல், எங்கள் அதிகாரியின் கை. அவர் இருபத்தாறு வருடம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் முத்திரை குத்திவிட்டு வந்தவர். கையைக் காதுவரை ஓங்கி 'டம்' என்று இறக்கினால் பக்கத்து அறையில் தேநீர் தளும்பும். முத்திரையோ அரைக் கிலோ பித்தளை. துறை மாறினார், கை மாறவில்லை.

ஆகவே எங்களிடம் தேறிய முட்டை எதுவும் பிழைத்ததில்லை. தேறாத முட்டைக்கு முத்திரை கிடையாதென்பதால் அது மட்டும் பத்திரமாக வீடு திரும்பும். உடைந்தவற்றை விதிப்படி 'அழித்துவிட' வேண்டும். அலுவலகச் சமையலறையில் வெங்காயம், மிளகு போட்டு அழிப்போம். இந்தக் கடமையை ஊழியர் ஒருவரும் இதுவரை தட்டிக்கழித்ததில்லை.

அன்று காலை ஒரு முட்டைக்கடைக்காரம்மா நான்காவது தடவையாகத் தட்டோடு வந்தார். என் சொந்த அக்காதான். ஆனால் அலுவலக நேரத்தில் எனக்கு அக்கா கிடையாது.

"விண்ணப்பதாரர் உட்காரலாம்" என்றேன்.

"உதைப்பேன்டா" என்றார் விண்ணப்பதாரர்.

மாலை ஐந்து மணிக்குள் உரிமம் வாங்காவிட்டால் அவர் கடைக்குப் பூட்டு. பூட்டும் அரக்கும் அதிகாரியின் மேசைமேல் தயாராக இருந்தன. அக்கா வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு அக்காவுக்கும் இரண்டு பெண்களுக்கும் அந்தக் கடைதான் எல்லாம்.

அதிகாரி முதல் முட்டையை முகர்ந்தார். "அருமையான முட்டைம்மா!" டம்.

"பாஸ்" என்றார், கண்ணாடியில் தெறித்த மஞ்சள் கருவைத் துடைத்துக்கொண்டே.

"சார், உடைஞ்சிடுச்சே!"

"உடைஞ்சாலும் பாஸ்தாம்மா. பயப்படாதீங்க."

"முழுசா காட்டணும்னு நீங்கதானே சொல்றீங்க?"

"ஆமா. காட்டுங்க."

"கொஞ்சம் மெதுவா குத்துங்களேன் சார்."

"மெதுவா குத்தினா எழுத்து விழாது. எழுத்து விழலைன்னா முத்திரை செல்லாது. 'அழுத்தமாக'னு விதியிலயே இருக்கு."

"அப்ப பேனாவுல எழுதிடுங்க."

"பேனாவா?" என்று கேட்ட அதிகாரியின் முகம், பெற்ற பிள்ளையை யாரோ திட்டியதுபோல் வாடிவிட்டது.

முப்பதும் தேறின. பதிவேட்டில் எழுதினேன்: வந்தவை முப்பது, தேறியவை முப்பது, இருப்பவை இல்லை.

"நாலு தட்டுடா" என்றார் அக்கா. குரல் உடைந்திருந்தது. "நாலும் நல்ல முட்டை."

எனக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் "விண்ணப்பதாரர் ஐந்தாவது முறையும் முயலலாம்" என்று கம்பீரமாகச் சொன்னேன். அன்றைய ஆம்லெட் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. இரண்டுக்குமேல் சாப்பிட முடியவில்லை.

நாலரை மணிக்கு அக்கா மறுபடி வந்தார். தட்டில் முப்பது முட்டைகள். வெள்ளை வெளேரென்று, எல்லாம் ஒரே அளவு. பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. கோழிகள் கண்ட இடத்தில் முட்டையிடாமல் இருக்க, கூட்டில் வைத்து அவற்றை ஏமாற்றும் கல்முட்டைகள் அவை. அக்காவின் கோழிக்கூண்டில் நானே பார்த்திருக்கிறேன்.

"என்ன தம்பி, இப்படி வேர்க்குது?"

"ஒண்ணுமில்லைங்க, விண்ணப்பதாரரே."

அதிகாரி ஒன்றை எடுத்து முகர்ந்தார். "வாடையே இல்லை! சுத்தம்னா இதும்மா!" பல்பில்லாத விளக்குக்கு முன்னால் பிடித்தார், திருப்தியாகத் தலையாட்டினார். தண்ணீரில் போட்டார். அது போன வேகத்தில் கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் விரிசல் விட்டது.

"கனம் பாருய்யா! அவ்வளவும் சத்து!"

டம். மேசை துள்ளியது. பூட்டு துள்ளிக் கீழே விழுந்தது. முட்டை அசையவில்லை. அதிகாரி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஊதினார்.

"கோழிக்கு என்னம்மா போடுறீங்க?"

"நேரத்துக்குத் தீனி போடுவேன் சார். வேறென்ன."

"ஓடு எவ்வளவு கெட்டி பாருய்யா! முட்டைன்னா இப்படி இருக்கணும்."

முப்பதாவது முத்திரை விழுந்தபோது அவர் கண்ணில் நீர் நின்றது. ஆனந்தமா தோள்வலியா என்று கேட்கும் அதிகாரம் எனக்கில்லை. நாலு ஐம்பத்தெட்டுக்கு உரிமத்தில் இடது கையால் கையெழுத்துப் போட்டார்.

ஐந்தடித்ததும் எனக்கு மறுபடி அக்கா கிடைத்தார். வாசலில் பிடித்துக் கேட்டேன். "ஏன்க்கா, இது தப்பில்லையா?"

"தப்புதான்டா. நல்ல முட்டையா நாலு தடவை கொண்டாந்து கொட்டினேனே, அப்ப எங்க போச்சு இந்தத் தப்பு? கோழியே ரெண்டு நாள்ல கண்டுபிடிச்சிடும். உங்க சாருக்கு எத்தனை வருஷமாகும்?"

அக்கா கடையைத் திறக்கப் போய்விட்டார்.

மறுநாள் அதிகாரி தோளில் கட்டோடு வந்தார். இனி முத்திரை குத்தவே கூடாதென்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். அதனால் ஆய்வை நிறுத்திவிட முடியுமா? சுற்றறிக்கை போட்டார்: அந்த முப்பதும் 'முன்மாதிரி முட்டைகள்' என்று கண்ணாடி அலமாரியில் வைக்கப்படும். இனி விண்ணப்பதாரர்கள் முட்டை கொண்டுவரத் தேவையில்லை. அலமாரியைத் தொட்டு, 'என் முட்டைகளும் இப்படியே' என்று உறுதி சொன்னால் போதும்.

ஐந்து நிமிடத்தில் உரிமம்! இப்படி ஒரு வேகத்தை எந்த அலுவலகம் கண்டது? முதல் ஆளாக வந்து தொட்டவர் ஒரு மொத்த வியாபாரி. அவர் வண்டி தெருவுக்குள் திரும்பினாலே கூமுட்டை நாற்றத்தில் ஜன்னல்கள் சாத்திக்கொள்ளும். ஏழு வருடமாகத் தேறாதவர், அன்று தேறினார்.

போன வாரம் என் மனைவி, உரிமம் மாட்டியிருக்கிறதே என்று நம்பி, அவர் கடையில் ஆறு முட்டை வாங்கிவிட்டாள். என் சின்ன மகள் இரண்டு நாள் படுக்கையைவிட்டு எழவில்லை. கொதித்துப்போய் ஒரு புகார் எழுதினேன். அதை வாங்கவேண்டிய உதவியாளனும் நான்தான். முத்திரையில்லாத முட்டைமீது வரும் புகாரை ஏற்க விதியில்லை என்பதால் அதை நானே நிராகரித்தேன்.

பிறகு ஆண்டறிக்கையை எழுதி முடித்தேன். அலமாரியிலுள்ள சான்றிதழ் பெற்ற முட்டைகளால் இதுவரை யாருக்கும் ஒரு வயிற்றுவலிகூட வரவில்லை என்று அதில் குறிப்பிட்டிருக்கிறேன். அது சத்தியமான உண்மை. இந்த ஊரில் எவனாலும் தின்ன முடியாத முட்டைகள் அந்த முப்பதுதான்; நாங்கள் சோதித்துக் காப்பாற்றி வைத்திருப்பதும் அந்த முப்பதைத்தான்.