சும்மா, அந்தப் பக்கம்

முந்திலான்,
செவ்வாய்க்கிழமை காலை

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய தங்கை ஜுமிராவுக்கு,

பக்கத்து வீட்டு முர்சினா அக்கா சலாம் சொல்லி எழுதும் கடிதம். ஆண்டவன் கருணையால் இங்கே நானும், என் வலது முழங்காலும், நீ விட்டுவிட்டுப் போன ஆறு கோழிகளும் சுகம். அங்கே செமாராங்கில் நீயும் உன் தங்கை சாமினா வீட்டாரும் சுகமா என்று அறிய ஆவல். இந்த வரியை ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் கரும்பலகையில் எழுதிப் போட்டார். அன்றிலிருந்து எல்லாக் கடிதத்திலும் இதை எழுதிவிட்டு, பதில் வந்ததா என்றுகூடப் பார்க்காமல் அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன். இது ஒரு கேள்வி என்பதே இன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஆகவே மறுபடியும் எழுதுகிறேன்: நீ சுகமா?

நீ மூன்றாம் வகுப்போடு நின்றவள் என்பதால் எழுத்தைப் பெரிதாகவே போட்டிருக்கிறேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நீயே படி. சாமினாவிடம் கொடுத்துவிடாதே, அவள் வாய்விட்டுப் படித்தால் துறைமுகத்தில் நிற்கிற கப்பல்காரனுக்கும் விஷயம் தெரிந்துவிடும்.

உன் விலாசம் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று வாயைப் பிளந்திருப்பாய். சொல்கிறேன். நீ முந்தின வாரம் வியாழக்கிழமை ஊதாப் பையைத் தூக்கிக்கொண்டு போனாய். வெள்ளிக்கிழமைதான் என் பின்வாசலில் ஒரு தவிட்டு மூட்டை இருப்பதைப் பார்த்தேன். கோழியே வளர்க்காத எனக்கு யார் தவிடு கொடுத்தார்கள் என்று நான் ஒருநாள் முழுக்க யோசித்தேன். சனிக்கிழமை உன் கோழிகள் சுவரேறி வந்து அந்த மூட்டையைக் கொத்தின பிறகுதான் எனக்குப் புரிந்தது. உன் வீட்டில் பூட்டு. ஞாயிற்றுக்கிழமை நம் சந்துத் தலைவர் சுகிர்மான் எல்லோரையும் காவல் குடிசைக்கு முன்னால் கூட்டிவிட்டார். அவரைத்தான் தெரியுமே, கூட்டம் போட ஒரு காரணம் கிடைத்தால் போதும், தொப்பியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்.

"யாராவது அவங்களப் பார்த்தீங்களா? எங்க போறீங்கன்னு கேட்டீங்களா?" என்றார்.

"கேக்காம இருப்போமா? நாங்க என்ன மரியாதை தெரியாதவங்களா?" என்று சோத்தோ சூப்புக் கடை எண்டாங் சண்டைக்கே வந்துவிட்டாள். "வாசல் பெருக்கிட்டிருந்தவ, துடப்பத்தக் கீழ போட்டுட்டுல்ல கேட்டேன்!"

"சரி, என்ன சொன்னாங்க?"

"சும்மா, அந்தப் பக்கம்னாங்க."

காய்கறி வண்டிக்காரன் தர்ஜோவும் கேட்டானாம். அவனிடம் "கொஞ்சம் தெற்கே" என்றிருக்கிறாய். செமாராங் வடக்கே இருக்கிறது, தங்கச்சி. மசூதி பெருக்குகிறவரிடம் "காத்து வாங்க". தையல்காரியிடம் "எப்பவும் போலத்தான்". இப்படி ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, சுகிர்மான் விரல்விட்டு எண்ணினார். கடைசியில், அவரும் உன்னைக் கேட்டது அவருக்கே ஞாபகம் வந்தது. என்னையும் சேர்த்துப் பதினோரு பேர்.

"பதினோரு பேர் கேட்டிருக்கோம். எங்க போனாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியலையா?"

"அதான் பதில் சொல்லிட்டாங்களே, அப்புறம் நமக்கு எதுக்குத் தெரியணும்?" என்றான் தர்ஜோ.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருந்தவள் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். ஏனென்றால் பதினோராவது ஆள் நான்தானே. அன்று தர்ஜோ வண்டிக்குப் பக்கத்தில் நின்று "எங்க ஜுமி, காலங்காத்தால?" என்று கேட்டேன். நீ நின்றாய். பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாய். "அக்கா, நான் வந்து..." என்று ஆரம்பித்தாய். நானோ அதற்குள் "ஏண்டா தர்ஜோ, இந்தக் காராமணி நேத்துப் பறிச்சதா, போன வாரம் பறிச்சதா?" என்று அவன் பக்கம் திரும்பிவிட்டேன். மறுபடி நான் திரும்பியபோது நீ "சும்மா, அந்தப் பக்கம்" என்றாய். நானும் "பார்த்துப் போ" என்றேன். அந்தக் காராமணி முற்றல்தான், வேகவே இல்லை. அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

இப்போது யூஹா கதைக்கு வருகிறேன். என் பேத்தி கினாந்தி யோக்யகர்த்தாவில் வெளிநாட்டுக்காரர்களுக்கு நம் பேச்சைக் கற்றுக்கொடுக்கிறாள் என்று உனக்கு ஒரு தடவை சொல்லியிருப்பேன். சரி, நாற்பது தடவை. நான் ஐந்தாம் வகுப்பு, அவள் அம்மா பத்தாம் வகுப்பு, அவள் வாத்தியாருக்கே வாத்தியார். சொல்லாமல் இருக்க முடியுமா? அவளுடைய மாணவன்தான் என் முன்னறையில் தங்கியிருக்கும் அந்தப் பின்லாந்துக்காரன் யூஹா. நல்ல பிள்ளை, ஆனால் கேள்வி கேட்டால் பதில் சொல்லிவிடுவான், அதுதான் அவனிடம் தொந்தரவு. வந்த அன்று சாயங்காலம் வழக்கம்போல "குளிச்சாச்சா?" என்றேன். முகம் செக்கச்செவேலென்று ஆகி, சட்டைக்குள் மூக்கை விட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, "மன்னிக்க வேண்டும் பாட்டி, என்னிடம் நாற்றம் வருகிறதா?" என்றான். மறுநாள் காலையில் செருப்பு மாட்டியவனை "எங்கப்பா?" என்றேன். ஒரு கால் செருப்போடு நின்று, எந்தப் பேருந்து, எங்கே இறங்குவது, எதற்கு, எப்போது திரும்புவது எல்லாம் சொன்னான். என் பால் பொங்கி வழிந்தது. அவன் கேட்கிற கேள்வியோ அதைவிட மோசம். பிள்ளைகளிடம் நாம் 'உன் பேர் யார்' என்றுதானே கேட்போம், இவன் 'உன் பேர் என்ன' என்பான், ஆட்டுக்குட்டியை விசாரிக்கிற மாதிரி. குரலைக் கடைசியில் கொஞ்சம் தூக்கினால் போதும், கேள்வி ஆகிவிடும் என்று நமக்குத் தெரியும். அவன் அதற்கு முன்னால் ஒரு கேள்விச் சொல், பின்னால் ஒரு கேள்விச் சொல் என்று முட்டுக் கொடுத்துத்தான் நிறுத்துவான்.

அவன் அந்த வியாழக்கிழமை காலையிலேயே யோக்யகர்த்தாவுக்குப் பாடம் படிக்கப் போய்விட்டதால் கூட்டத்துக்கு வரவில்லை. போன சனிக்கிழமைதான் கினாந்தியோடு வந்தான். சாப்பாட்டு மேசையில் அவள் சிவப்புப் பேனாவால் அவன் நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தாள். அண்டை அயலார் ஐந்து பேரைக் கேள்வி கேட்டுப் பதிலை எழுதி வரவேண்டும் என்பது வீட்டுப் பாடம். முதல் மூன்று பேரும் "அந்தப் பக்கம்" என்றதும், இவன் "அந்தப் பக்கம் என்றால் எந்தப் பக்கம்?" என்று விடாமல் கேட்டிருக்கிறான். அதனால்தான் சுகிர்மான் இவனை ஏதோ வேவு பார்க்கிறவன் என்று சொல்லித் திரிந்திருக்கிறார். நான்காவது பக்கத்தில் கினாந்தியின் பேனா நின்றுவிட்டது. நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தாள். பேருந்து நிறுத்தத்தில் நீயும் அவனும். அப்படியே எழுதுகிறேன்:

கேள்வி: தாங்கள் எங்கே செல்கிறீர்களா?
பதில்: சும்மா, அந்தப் பக்கம்.
கேள்வி: அந்தப் பக்கம் என்பது எங்கே?
பதில்: செமாராங். தங்கச்சி வீட்டுக்கு.
கேள்வி: எதற்காகச் செல்கிறீர்களா?
பதில்: மாருல ஒரு கட்டி. ஆஸ்பத்திரில காட்டணும்.
கேள்வி: கட்டி என்றால் என்ன?

இதற்குப் பதில் எழுதவில்லை. ஒரு சின்ன வட்டம் வரைந்திருந்தது. அது உன் கை வரைந்த வட்டம்தான், எனக்குத் தெரியும், நீ தட்டும் பலகாரம் கோணுகிற மாதிரி கோணியிருந்தது. கீழே:

கேள்வி: தங்களுக்குப் பயமா?
பதில்: ஆமா.

அதற்கும் கீழே, பாடப் புத்தகத்தில் போட்டிருக்கிறபடி, "தங்கள் முகவரி?" என்று கேட்டு சாமினா வீட்டு விலாசத்தையும் வாங்கியிருக்கிறான். மேலே இருந்த கேள்விகளில் ஏகப்பட்ட சிவப்பு. பயமா என்ற கேள்வியில் மட்டும் திருத்த ஒன்றுமே இல்லை.

"உங்கிட்ட எப்படிடா சொன்னா? எங்கிட்டகூடச் சொல்லல!" என்று அவன் மேல் பாய்ந்தேன். முப்பத்தெட்டு வருஷம் ஒரே சுவர் நமக்கு. எனக்குக் கோபம் வராதா? அவன் பயந்துபோய், "நான் ஒன்றும் செய்யவில்லை பாட்டி. பேருந்து வரும்வரை நின்றேன், அவ்வளவுதான்" என்றான்.

அன்று முழுக்க அந்தக் குளியலறைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஜுமி. நாலு மணி அடித்தால் சுவரின் காற்றுத் துளை வழியாக நான் "குளிச்சாச்சா?" என்பேன், நீ "ஆச்சுக்கா" என்பாய், நாலரைக்கு முகத்தில் பவுடர் அப்பிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பாய். பெருநாளுக்கு அப்புறம் "இன்னும் இல்லக்கா" ஆயிற்று. அஞ்சு மணிக்கும் "இன்னும் இல்ல". விளக்கு வைக்கிற நேரத்துக்கும் அதேதான். நம் ஊரில் யார்தான் எதற்கு 'இல்லை' என்று வெட்டிச் சொல்கிறார்கள், எண்பது வயதுக் கன்னியைக் கல்யாணம் ஆச்சா என்று கேட்டாலும் 'இன்னும் இல்லை' என்றுதானே சொல்வாள். அதனால் அது என் காதில் விழவே இல்லை. "போய்க் குளிடி, சோம்பேறி" என்று கத்திவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். சோப்புப் போடும்போது கை அங்கே படுமே என்றுதான் நீ குளிப்பதைத் தள்ளிக்கொண்டே போனாயோ? இரண்டு மாதம் நான் தினமும் கேட்டேன், நீ தினமும் பதில் சொன்னாய். தப்பாக நினைத்திருந்தால் திட்டு.

ஆகவே உனக்கு எழுத்து மூலமாக இரண்டு சத்தியம் செய்கிறேன். ஒன்று, நின்று பதில் கேட்க நேரமில்லாவிட்டால் இனி ஒருவரையும் எங்கே என்று கேட்கமாட்டேன். இரண்டு, நீ என்னைக் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்வேன். ஞாயிற்றுக்கிழமையே பழக ஆரம்பித்துவிட்டேன். எண்டாங்கை "எங்க?" என்று கேட்டுவிட்டு நின்றேன். அவள் திகைத்தாள், அப்புறம் அவள் மருமகன் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னாள், என் சோறு அடிப்பிடித்துவிட்டது. நேற்று தர்ஜோ "எங்க பாட்டி?" என்றான். "நாலு நாளா வயிறு எளகல, பப்பாளி வாங்கப் போறேன்" என்றேன். அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போன வேகத்தில் இரண்டு கத்தரிக்காய் உருண்டது. போகட்டும். பழகப் பழக வரும்.

டாக்டர் என்ன சொன்னாலும் எனக்கு எழுது. எழுத முடியாவிட்டால் வட்டம் வரைந்து அனுப்பு, எனக்குப் புரியும். அல்லாஹ் உன் உடம்புக்கு நலத்தையும் மனசுக்குத் திடத்தையும் தரட்டும். சாமினாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் சலாம். கோழிகள் உன்னை விசாரிக்கின்றன.

என்றும் உன் அக்கா,
முர்சினா

பின்குறிப்பு: உறையை ஒட்டிக்கொண்டு தபாலாபீசுக்குக் கிளம்பினேன். சந்து முனையில் நீ சிற்றுந்திலிருந்து இறங்குகிறாய், அதே ஊதாப் பை, கன்னம் ஒட்டிப்போய். எண்டாங் "எங்கேருந்து வர்றீங்க?" என்கிறாள், நீ "சும்மா, அந்தப் பக்கத்துலேருந்து" என்கிறாய். அப்புறம் என்னைப் பார்த்து, "அக்கா, கையில கடுதாசியோட எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டாய். பக்கம் பக்கமாகச் சத்தியம் எழுதிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "சும்மா, அந்தப் பக்கம்" என்றேன். நீயும் "பார்த்துப் போங்க" என்றாய். நான் போய் வாழை மரத்துக்குப் பின்னால் நின்று அழுதுவிட்டு வந்தேன். இப்போது மணி நாலு. உன் பக்கம் தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை. அதனால் உறையைப் பிரித்து இந்த நாலு வரியையும் சேர்த்து, காற்றுத் துளை வழியாக உன் பக்கம் போடுகிறேன், நனைவதற்குள் எடுத்துக்கொள். குளிச்சாச்சா, ஜுமி? உடனே சொல்ல வேண்டாம். சுவருக்கு இந்தப் பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அடுப்பை அணைத்துவிட்டேன்.