புகை இல்லாத எஞ்சின்

"உனக்குப் பொய் சொல்ல வருமாம்மா?"

நாலு வருஷத்துக்கு முன்னால், வேலை கேட்டுப் போன அன்று டாக்டர் அவளிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"வராது சார். சொன்னா காது சிவந்துடும்."

அந்தக் காதை நம்பித்தான் அவளை வேலைக்கு எடுத்தார். அவர் ஊசி போடும் டாக்டர் அல்ல. ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கிய டாக்டர். மின்சாரத்தில் ஓடும் விமான எஞ்சின் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். அது எத்தனை சுற்று சுற்றியது, எவ்வளவு சூடானது என்று பார்த்து எழுத ஓர் ஆள் வேண்டும். டாக்டரின் மனம் குளிர எழுதுகிற ஆளாக மட்டும் இருக்கக் கூடாது. அவள் உள்ளதை உள்ளபடி எழுதினாள். எழுதி எழுதியே அவளுக்கு 'மீட்டர்' என்று பெயர் வந்துவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பதில்லை.

இன்று காலை ஒன்பது மணிக்கு மீட்டர், எஞ்சின் இருந்த கொட்டகையின் வாசலில் நின்று புகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு. டீசல் ஜெனரேட்டர் கக்கிய புகை.

பத்து மணிக்கு அரசாங்கக் குழு வருகிறது. காற்றைக் கெடுக்காத விமானங்களை உருவாக்குகிறவர்களுக்கு அரசு ஒரு நிதி ஒதுக்கியிருந்தது. அது கிடைத்தால் எஞ்சினுக்குப் புது பேட்டரி, எல்லோருக்கும் இன்னும் இரண்டு வருஷம் வேலை. கிடைக்காவிட்டால் இந்த மாதக் கடைசியில் கொட்டகையைக் காலி செய்ய வேண்டும். கொட்டகையின் சொந்தக்காரர் ஒரு மரக்கடைக்காரரைக் கூட்டிவந்து இடத்தை அளந்தும் காட்டிவிட்டார். டேப்பின் ஒரு முனையை எஞ்சின் மேலேயே வைத்து அளந்தார்கள்.

பழைய பேட்டரிகள் போன மாதம் உயிரை விட்டிருந்தன. கொட்டகைக்கு வருகிற மின்சாரம் நாலு விளக்குக்குப் போதும், விமானத்துக்குப் போதாது. அதனால் புகை விடாத எஞ்சினை ஓட்டிக்காட்ட, புகை விடுகிற ஜெனரேட்டர்.

"டாக்டர், வர்றவங்க முதல்ல இதைத்தான் பார்ப்பாங்க" என்றாள் மீட்டர்.

டாக்டர் கோட்டை மாட்டிக்கொண்டே ஓடி வந்தார். "பின்னாடி தள்ளுங்க! சீக்கிரம்!"

"ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்றார் ஃபிட்டர் அண்ணன். அவர் இப்படிச் சொன்னால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

ஜெனரேட்டரை மூன்று பேருமாகக் கொட்டகைக்குப் பின்னால் தள்ளினார்கள். காற்றுக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை. புகை பின்பக்க ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்து, 'புகையற்ற வானம் நமதே' என்று எழுதி மாட்டியிருந்த அட்டையைச் சுற்றி வந்து நின்றது. டாக்டர் இருமினார். மீட்டர் தும்மினாள்.

"ஒண்ணும் பிரச்சினை இல்ல டாக்டர். குழாய் போட்டு மதிலைத் தாண்டி விட்டுடுவோம். அந்தப் பக்கம் போயிட்டா அது நம்ம புகை இல்ல."

டாக்டருக்கு இந்த விஞ்ஞானம் பிடித்திருந்தது. நீளமான குழாய் மதில் ஏறி மறைந்தது. கொட்டகை தெளிந்தது. ஐந்து நிமிஷம் எல்லோரும் சிரித்த முகமாக இருந்தார்கள்.

ஆறாவது நிமிஷம் மதிலுக்கு அந்தப் பக்கத்துச் சலவைக்கடை அக்கா வந்தாள். தோளில் ஒரு படுக்கை விரிப்பு. பாதி வெள்ளை.

"யாருய்யா அது, என் கொடியில கரிப்படம் வரைஞ்சது? ஊசி போடத் தெரியாத டாக்டருக்குப் புகை போட மட்டும் தெரியுதோ?"

"அக்கா, எங்க எஞ்சின் புகையே விடாதுக்கா" என்றாள் மீட்டர்.

"அப்ப இது என்ன, மேகமா? இருபத்திரண்டு விரிப்புடி! சாயங்காலம் விடுதிக்காரனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"இருபத்தி மூணுக்கா. தோள்ல இருக்கறதை விட்டுட்டீங்க."

டாக்டர் அவளை எரித்துவிடுவது போலப் பார்த்தார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பிக் கும்பிடாத குறையாகச் சொன்னார்: "அம்மா, நிதி வந்தா அத்தனைக்கும் புதுசு வாங்கித் தர்றேன். இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்குங்க."

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "வரலைன்னா?"

"நானே இருக்க மாட்டேன்."

"அப்ப வந்தே ஆகணும்" என்று அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "என்ன செய்யணும், சொல்லுங்க."

"ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்றார் ஃபிட்டர் அண்ணன். "பெரிய பீப்பாய் ஒண்ணு குடுங்க. குழாயைத் தண்ணிக்குள்ள விட்டா, தண்ணி புகையைக் குடிச்சிடும்."

அக்கா தன் கடைப் பீப்பாயை உருட்டிக் கொடுத்தாள். அடியில் சோப்புத் தண்ணீர் கிடந்ததை அவளும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. மேலே நல்ல தண்ணீரை நிரப்பிக் குழாயைச் செருகினார்கள். பீப்பாய் ஒருமுறை விக்கியது. பிறகு நுரைத்தது. கன்னங்கரேலென்ற நுரை பீப்பாயை நிரப்பி, வழிந்து, கொட்டகையைச் சுற்றிக்கொண்டு வாசலை நோக்கி நிதானமாக நடந்து வந்தது.

"டாக்டர், நிமிஷத்துக்கு மூணு அடி வேகத்துல வருது" என்றாள் மீட்டர்.

அதே நேரத்தில் வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

மீட்டர் ஓடிப்போய் ஜெனரேட்டரை அணைத்தாள். அக்கா நுரைமேல் விரிப்புகளைப் போட்டு மூடினாள்.

குழுவில் மூன்று பேர். குழுத் தலைவர், ஒரு நிபுணர், கோப்பைச் சுமந்து வந்த எழுத்தர். எழுத்தர் வாயைத் திறப்பவராகத் தெரியவில்லை.

"இது என்ன?" என்று தலைவர் தரையைக் காட்டினார்.

"துணி ஊறுதுங்க" என்றாள் அக்கா. அதில் பொய் இல்லை.

தலைவர் எஞ்சினைச் சுற்றி வந்தார். ஆள் உயர விசிறி இறக்கைகளைத் தட்டிப் பார்த்தார். "எங்கே, ஓட்டிக் காட்டுங்க."

"கரன்ட் போதாது சார் இன்னிக்கு" என்றார் டாக்டர்.

"ஜெனரேட்டர் ஏதும் இல்லையா?"

டாக்டர் நெஞ்சை நிமிர்த்தினார். "பசுமை ஆராய்ச்சி நடக்கற இடத்துல ஜெனரேட்டரா? அந்தப் பேச்சே இங்கே கிடையாது சார்!"

நிபுணர் மீட்டரின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இது ஓடி நீங்க பார்த்திருக்கீங்களா?"

"நேத்து ஆறு மணி நேரம் பதினோரு நிமிஷம் ஓடிச்சு சார்."

"எதுல ஓடிச்சு?"

பின்பக்கம் பீப்பாய் கடைசியாக ஒரு ஏப்பம் விட்டது. டாக்டரின் கண்கள் கெஞ்சின.

"நல்லா ஓடிச்சு சார்" என்றாள் மீட்டர். இரண்டு காதும் பழுத்த மிளகாய் போல் ஆகிவிட்டன. தலைமுடியை இழுத்து மூடிக்கொண்டாள்.

தலைவர் ஒரு முறை ஆழ்ந்து மூச்சிழுத்தார். "காத்து என்ன சுத்தம்! சோப்பு வாசனைகூட வருது." டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு நிபுணரோடு காருக்குப் போனார்.

அவர்கள் தலை மறைந்ததும் டாக்டர் ஃபிட்டர் அண்ணனைக் கட்டிக்கொண்டார். "பார்த்தியா? ஒரு துளிப் புகை தெரியலை அவங்களுக்கு!"

"நான்தான் சொன்னேனே, ஒண்ணும் பிரச்சினை இல்லைன்னு."

"எனக்குப் பூப்போட்ட விரிப்பு வேண்டாம், வெள்ளையே வாங்கிக் குடுங்க" என்றாள் அக்கா.

எழுத்தர் மட்டும் கோப்போடு நின்றார். ஆய்வு நடந்ததற்கு யாராவது கையெழுத்துப் போட வேண்டுமாம். மீட்டர் பேனாவை வாங்கினாள். எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"சார், மார்க் கட்டத்துல சுழி போட்டிருக்கே? புகைன்னு ஏதாவது கண்ணுல பட்டுச்சா?"

எழுத்தர் அன்றைக்கு முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"புகைக்கு இந்தப் படிவத்துல கட்டமே இல்லம்மா. 'எஞ்சின் ஓடியதா' — அது ஒண்ணுக்குத்தான் நூறு மார்க்கும். நேத்து ஒரு இடத்துல ஜெனரேட்டரை நடு அறையில வெச்சு ஓட்டினாங்க, புகையில எங்க தலைவர் முகமே எனக்குத் தெரியலை, நூத்துக்கு நூறு."

டாக்டர் கோட்டைக் கழற்றி எஞ்சினின் இறக்கை நுனியில் மாட்டினார். அந்தக் கனத்துக்கு இறக்கை மெல்லக் கால்வட்டம் சுற்றி நின்றது. அதைத் திரும்பிப் பார்க்காமல், நுரையை மிதித்துக்கொண்டு அவர் வாசலைத் தாண்டிப் போனார்.