கீழக்கடை வீதியின் நியாயமான பலம்

நீதி தாமதமாகிறது என்று புலம்புகிறவர்கள் ஒரு முறை கோவில்பட்டிக்கு வந்து எங்கள் கீழக்கடை வீதியைப் பார்க்க வேண்டும். பிடித்தல், விசாரித்தல், தீர்ப்பு, தண்டனை நான்கும் இங்கே ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். அவசரமான நாட்களில் நடுவிலுள்ள இரண்டையும் விட்டுவிடுவோம். பத்திரிகைகள் இதற்குத் 'தர்ம அடி' என்று பெயர் வைத்திருக்கின்றன. காசு வாங்காமல் கொடுப்பதால் அது தர்மம். வணிகர் நலச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில், என் பாத்திரக்கடையைக்கூடக் கவனிக்காமல் இந்தத் தர்மத்தைக் கட்டிக்காத்து வருகிறேன்.

இருந்தாலும் காலத்துக்கேற்ப மாற வேண்டுமல்லவா? 'சட்ட விழிப்புணர்வுக் கூட்டம்' ஒன்று நடத்தினோம். வக்கீல் சத்யபிரியா வந்து பேசினார்.

"உங்க கண்ணு முன்னால வழிப்பறி மாதிரி பெரிய குத்தம் நடந்தா, யாரு வேணும்னாலும் ஆளைப் பிடிக்கலாம். ஓடாம இருக்க எவ்வளவு பலம் வேணுமோ அவ்வளவுதான். பிடிச்சுத் தாமதிக்காம போலீஸ்ல ஒப்படைச்சிரணும்."

சங்கத் தலைவர் பாலகணேஷ் அண்ணாச்சி எழுந்தார். கடலைமிட்டாய் கம்பெனி முதலாளி. கை கொஞ்சம் கனம்.

"ஒரே ஒரு அறை?"

"கூடாது அண்ணாச்சி."

"ஆளு ஓடாம நிக்கான். சும்மா ஒரு தட்டு?"

"நிக்கிற ஆளை எதுக்குத் தட்டணும்?"

"அப்ப கையை வச்சுக்கிட்டு என்னதாம்மா செய்ய?"

"பிடிச்சுக்கிடுங்க."

அண்ணாச்சி தன் கைகளைப் பரிதாபமாகப் பார்த்தார். எல்லாருக்கும் அவரை நினைத்து வருத்தமாகிவிட்டது. 'நியாயமான பலம் எவ்வளவு என்பதைச் சம்பவ இடத்தில் கூடும் பொதுமக்களே முடிவு செய்வார்கள்' என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டோம். வக்கீலம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். பேசிய களைப்பாக இருக்கும்.

மறு வாரமே தீர்மானத்துக்கு வேலை வந்தது. நல்ல மழை பெய்து விட்டிருந்த காலை. தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பொன்மணியின் சங்கிலியை ஒருவன் அறுத்துவிட்டான். அவள் போட்ட கூச்சலில் வீதியே திரண்டது. நாங்கள் போய்ப் பார்த்தபோது, முழங்கால் வரை கரிசல் சகதி அப்பிய கைலிக்காரர் ஒருவர், இஸ்திரி போட்ட சட்டைக்காரர் ஒருவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இதில் திருடன் யார்? சாதாரண ஊராக இருந்தால் குழம்பியிருக்கும். பாலகணேஷ் அண்ணாச்சி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"ஏலே, களவாணியப் பிடிச்சவன்னா இந்நேரம் நாலு சாத்து சாத்தியிருப்பாம்லா. இந்தக் கைலி சும்மா பிடிச்சுக்கிட்டு நிக்கான். அப்ப இவன்தான் களவாணி."

அதே நேரம் இஸ்திரிச் சட்டைக்காரர் கைலிக்காரரின் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டார். யாருக்காவது இருந்த சந்தேகமும் தீர்ந்தது.

"அவிய இல்ல அண்ணாச்சி, ஆளு மாறிப்போச்சு" என்று பொன்மணி கத்தினாள்.

"பிள்ள பயந்துட்டு. பயத்துல அப்படித்தான் பேசும். யாராவது அதுக்குத் தண்ணி குடுங்க" என்றார் அண்ணாச்சி.

பிறகு தர்மம் தாராளமாக நடந்தது. ஆளை மின்கம்பத்தில் கட்டத் தீர்மானித்தோம். கையைப் பின்னால் வளைக்கும் பொறுப்பு செயலாளர் என்ற முறையில் எனக்கு வந்தது. மடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. கம்பம் என்றே நினைத்தேன்.

"எப்போதும்வென்றான் ஊர்ல இருந்து வெத வாங்க வந்தேன் அண்ணாச்சி. கொம்பையான்னு பேரு. ஈரம் காயிறதுக்குள்ள வெதைக்கணும், அவுத்து விடுங்க" என்றார் கட்டப்பட்டவர்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாகச் சொன்ன இஸ்திரிச் சட்டைக்காரருக்கு, சங்கச் செலவில் சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தோம். பொன்மணியின் சங்கிலியும் அவரோடு பஸ் ஏறிவிட்டது. இது போலீஸ் வந்து என் கடைக் கேமராவைப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கொம்பையாவின் வலது கை முறிந்திருப்பதை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அடித்தது யார் என்று போலீஸ் கேட்டது. 'பொதுமக்கள்' என்று கூட்டாகப் பதில் சொன்னோம்.

கொம்பையாவின் மனைவி வெயிலம்மாள் ஒற்றை ஆளாக விதைக்க முடிந்தமட்டும் பார்த்தாளாம். அதற்குள் ஈரம் காய்ந்துவிட்டது. ஊரெல்லாம் உளுந்து முளைத்திருக்க, அவர்கள் நிலம் மட்டும் வெறுமையாகக் கிடப்பதாகக் கேள்விப்பட்டோம். சங்கத்துக்கு மனசு கேட்கவில்லை. பொன்னாடை போர்த்துவது என்று முடிவு செய்தோம்.

வீதியிலேயே மேடை போட்டோம். இன்ஸ்பெக்டர் தலைமை, அவர் வரத் தாமதமானதால் நாங்களே ஆரம்பித்துவிட்டோம். சட்டத்தை மதித்து, ஒரு அடிகூட அடிக்காமல், தேவையான பலத்தை மட்டும் பயன்படுத்திய ஒரே குடிமகன் கொம்பையா என்று நான் பேசினேன். பேசும்போது எனக்கே அழுகை வந்தது. பொன்னாடை மாவுக்கட்டை முழுவதுமாக மறைத்ததால் புகைப்படமும் நன்றாக வந்தது.

போர்த்திவிட்டுத் திரும்ப முயன்றேன். முடியவில்லை. கொம்பையா இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். வலிக்கவே இல்லை. இழுத்துப் பார்த்தேன், வரவும் இல்லை.

"போட்டோ எடுத்தாச்சு கொம்பையா, கைய விடும்."

"இன்ஸ்பெக்டர் ஐயா வரட்டும் அண்ணாச்சி. கண்ணு முன்னால குத்தம் செஞ்சவியளப் பிடிச்சு ஒப்படைக்கலாமாம்லா. வக்கீலம்மாட்டக் கேட்டுட்டுத்தான் வாரேன்."

பாலகணேஷ் அண்ணாச்சியைத் தேடினேன். நாற்காலி காலியாக இருந்தது. கீழே பார்த்தேன். பொன்மணியும் வெயிலம்மாளும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். 'பொதுமக்கள்' ஒருவரையும் காணோம்.

"அடிச்சது ஊரே சேர்ந்துல்லா. என்னை மட்டும் பிடிச்சா எப்படி?" என்றேன்.

"எல்லாரையும் பிடிக்கணும்னுதான் வந்தேன் அண்ணாச்சி" என்றார் கொம்பையா. "ஒரு கையதான மிச்சம் வச்சிருக்கீங்க."