பூங்கா மூலையில் கிளாரா பெயரில் ஒரு கட்டடம்

சேசு மரி சூசை

வல்லம் வடகால்,
செவ்வாய்க்கிழமை.

மகா கனம் பொருந்திய மச்சான் பென்சன் அவர்களுக்கு, உங்கள் அக்கா புருஷன் அமிர்தநாதன் தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம் என்று எழுதினால் அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும், ஆகையால் எழுதவில்லை. காட்பாடியில் நீங்களும் தங்கச்சி ஷாரோனும் பிள்ளை ஃபிரடியும் சுகம்தான் என்று எனக்குத் தெரியும். பதினோரு நாளாக நான் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. உடம்புக்கு முடியாதவருக்கு ஆளை பிளாக் செய்கிற தெம்பு இருக்காது. அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். தபால்காரரை உங்களால் பிளாக் செய்ய முடியாது.

கடைசியாக நீங்கள் அனுப்பிய குரல் செய்தியை ஒன்பது தடவை கேட்டுவிட்டேன். "மாமா, கக்கூஸ் மேல எழுதறதுக்கா எங்க அக்கா பேரு? மாதா கெபி கட்டுங்கன்னு எவ்ளோ சொன்னேன்? படிச்ச மனுசன், உங்களுக்குக் கக்கூஸ்தான் தோணிச்சா?" உங்கள் கோபத்தில் தப்பில்லை. நம் பங்கில் முதலாம் ஆண்டு நினைவுக்கு ஆளாளுக்கு ஏதாவது செய்கிறார்கள். பெஞ்சு போடுகிறார்கள், மைக் செட் வாங்கித் தருகிறார்கள். கோயிலில் மூன்றாவது மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் ஒரு பெரியம்மாவின் பெயர் இருக்கிறது, சுவிட்ச் போட்டால் படிக்க முடியாது. அதற்கெல்லாம் மேலே, கல் குகைக்குள் மாதா சுரூபம் வைத்து ஒரு கெபி என்றால் ஊருக்கே தெரியும், நீங்களும் பாதி தருகிறேன் என்றீர்கள். நான் போனில் "பஸ் நிக்கிற இடத்துல பொம்பளைங்களுக்கு ஒரு டாய்லெட்" என்றேன். லைன் கட்டாகிவிட்டது என்று நான் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தேன்.

ஏன் என்று அன்றைக்குச் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தால் அழுகை வந்தது. காகிதத்தில் அழுதால் உங்களுக்குக் கேட்காது, இப்போது சொல்கிறேன். நம் வீட்டிலிருந்து கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு இருபத்தைந்து நிமிட நடை. அந்த பஸ் ஐந்து மணிக்கும் வரும், ஐந்தே முக்காலுக்கும் வரும், விட்டால் அன்றைய வேலை போச்சு. ஏறினால் வாலாஜாபாத் வரை போய் ஒவ்வொரு ஊராகப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி வாசலுக்கு வர இன்னும் ஒன்றரை மணி நேரம். உள்ளே போனால் லைனில் மாற்று ஆள் வந்து நின்றால்தான் எழுந்து போகலாம். உங்கள் அக்கா பதினான்கு வருடம் இப்படிப் போய் வந்தாள். இதற்கு அவள் கண்டுபிடித்த வழி, தண்ணீரே குடிக்காமல் இருப்பது. காலையில் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுவாள், காப்பிகூட இரண்டு மடக்குதான். சாயங்காலம் வந்ததும் பையையும் செருப்பையும் வாசலில் வீசிவிட்டு என்னைத் தாண்டிக்கொண்டு பின்பக்கம் ஓடுவாள். "வந்ததும் வராததுமா இன்னாடி ஓட்டம், புருசன் கண்ணுக்குத் தெரியலயா" என்று நான் கிண்டல் செய்வேன். பதினான்கு வருடம் அதே கிண்டல். கிட்னி டாக்டர் "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணிம்மா குடிப்பீங்க" என்று கேட்டபோது, "ஷிஃப்ட் முடிஞ்சி வூட்டுக்கு வந்து குடிப்பேன் டாக்டர்" என்று பரீட்சையில் சரியான விடை சொன்ன பிள்ளை மாதிரி சொன்னாள். நான் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும்.

சரி, கதைக்கு வருகிறேன். பஸ் நிற்கும் இடத்தை ஒட்டி வயல்களை மனை போட்டு ஒரு நகர் வந்திருக்கிறதே, அதன் பூங்காவில் ஒரு மூலை சும்மா கிடந்தது. ஊராட்சியில் அனுமதி வாங்கிவிட்டேன். நகர் நலச்சங்கத் தலைவர் பரசுராமன் ஒப்புக்கொள்ள வேண்டும். முப்பது வருடம் கம்பெனி ஷெட்டுகளுக்கு வரைபடம் போட்டவன் நான், ஒரு கழிப்பறை எனக்கு எம்மாத்திரம் என்று நினைத்தேன். முதல் வரைபடத்தில் கதவு ரோட்டைப் பார்த்து இருந்தது. பரசுராமன் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இன்னா சார் இது, நம்ம நகருக்குள்ள நுழையறவன் மொதல்ல கக்கூஸ் மூஞ்சிலயா முழிக்கணும்?" என்றார். கதவை வடக்கே திருப்பினேன். வடக்கே அவர் வீடு. கிழக்கே திருப்பினேன், அங்கே பிள்ளையார். மேற்கு வீட்டில் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. வரைபடத்தை மேசையில் சுற்றிச் சுற்றி எனக்கே எது வடக்கு என்று மறந்துவிட்டது. ஐந்தாவது வரைபடத்தில் இரண்டு கதவும் பூங்காவின் சுற்றுச்சுவரைப் பார்த்தன. சுவருக்கும் கதவுக்கும் நடுவே இரண்டே முக்கால் அடி, நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் போகவேண்டும். சங்கத்து ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஏழு பேரும் ஆண்கள் என்பது அப்போது என் கண்ணில் படவில்லை.

அதோடு விட்டார்களா? வெளியிலிருந்து பார்த்தால் அது இன்னதென்று தெரியவே கூடாது என்று ஒரு தீர்மானம் போட்டார்கள். முன்பக்கம் வளைவு வைத்தேன், வெள்ளைப் பூச்சு, இரண்டு பக்கமும் குரோட்டன்ஸ். 'பெண்கள்', 'ஆண்கள்' என்பதைச் சுவர்ப்பக்கம் இருக்கும் கதவில் மட்டும் எழுதிக்கொள்ள உத்தரவு கிடைத்தது. கட்டி முடித்த வாரம் இரண்டு பையன்கள் வந்து, "சார், ரூம் வாடகைக்கு வுடறீங்களா, அட்வான்ஸ் எவ்ளோ?" என்று கேட்டார்கள். நான் உண்மையைச் சொன்னதும், "பரவால்ல சார், எங்க ரூம விட நல்லாகீது" என்றார்கள்.

இனி பெயர்க்கல். வாலாஜாபாத் ரோட்டில் கல் வெட்டும் சாம்சனிடம் உங்கள் அக்கா பெயரும் பிறந்த தேதியும் இறந்த தேதியும் எழுதிக் கொடுத்து, மேலே ஒரு சிலுவை போடச் சொன்னேன். ஊராட்சிக்கு அலைந்துகொண்டிருந்ததால் கல்லைப் போய்ப் பார்க்கவில்லை. கறுப்புக் கிரானைட்டில் முன்பக்கச் சுவரில் பதித்த பிறகுதான் படித்தேன். 'திருமதி கிளாரா அமிர்தநாதன், இங்கே இறைவனில் துயில் கொள்கிறார்.' அடியில் இரண்டு மெழுகுவர்த்தி வைக்கத் தட்டும் போட்டிருந்தான். "இன்னாடா சாம்சன் இது?" என்றேன். அவன் என்னைத்தான் கோபித்துக்கொண்டான். "இருவத்திரண்டு வருசமா கல்லறைக்குக் கல்லு வெட்டறேன் சார். பேரு, பொறந்த தேதி, செத்த தேதி குடுத்தா கீழ இன்னா வரும்னு எனக்குத் தெரியாதா? இந்த லைனுக்கு நான் எக்ஸ்ட்ராகூட கேக்கல" என்றான். சிரிக்காதீர்கள் மச்சான். அல்லது சிரியுங்கள், பதினோரு நாளில் ஒரு தடவையாவது என்னால் நீங்கள் சிரித்தீர்கள் என்று இருக்கட்டும்.

கல்லைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், முதலில் பெண்கள் வரட்டும் என்று திறந்துவிட்டேன். ஒரு வாரம், ஒருவரும் வரவில்லை. தினமும் நாலரை மணிக்கே போய்க் கழுவித் துடைத்து, தொட்டி நிரப்பி, விளக்குப் போட்டுவிட்டுப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். பெண்கள் பஸ்ஸுக்கு வருவார்கள், கட்டடத்தின் முன்னால் செருப்பைக் கழற்றுவார்கள், நெஞ்சில் சிலுவை போடுகிறவர்கள் போடுவார்கள், மற்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். தட்டில் மெழுகுவர்த்தி எரியும். ஒரு நாள் கதம்பம்கூட வைத்திருந்தது. சுவர்களைக் கண்டால் நிற்கிற ஆண்பிள்ளைகள்கூட அந்தச் சுவரை விட்டுத் தள்ளிப் போனார்கள், கண்ட லாபம் அது ஒன்றுதான். நீங்கள் கேட்ட கெபி தானாகவே அமைந்துவிட்டது மச்சான்.

எட்டாம் நாள், எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஹாஸ்டலில் இருக்கும் பூமாரி என்கிற தென்காசிப் பெண், கல்லைக் கும்பிட்டுவிட்டு, அவசரமாகக் கட்டடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சீமைக்கருவேலப் புதருக்குள் போனாள். இருட்டில் செல்போன் வெளிச்சத்தைக் காலடியில் பிடித்துக்கொண்டு, பாம்புக்குப் பயந்து தரையைத் தட்டித் தட்டிப் போனாள். கழிப்பறைக்கும் அந்தப் புதருக்கும் பன்னிரண்டு அடி தூரம். உங்கள் அக்கா மேல் மரியாதை வைத்து அந்தப் பெண் முள்ளுக்குள் போகிறாள். நான் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். கிழவன் ஒருவன் இதைப் பேசலாமா என்று பத்து தடவை யோசித்து, அவள் திரும்பி வந்ததும் போய்ச் சொன்னேன். "யாத்தே" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். "சமாதின்னுல்லா நினைச்சோம் ஐயா! இந்த அம்மாவுக்கு மெழுகுதிரி ஏத்துனா அன்னிக்கு ஓ.டி. பாக்கச் சொல்ல மாட்டாங்கன்னு ஹாஸ்டல்ல எல்லாரும் பேசிக்கிடுதாங்க."

மறுநாள் அவளே உள்ளே போய்ப் பார்த்தாள். வெளியே வரும்போது கைப்பையின் வாரைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். "ஐயா, தண்ணி வருது, சுத்தமா இருக்கு, எல்லாம் சரி. பைய எங்க மாட்ட? சாப்பாட்டுப் பை ஒண்ணு, துப்பட்டா ஒண்ணு, கழுத்துல ஐ.டி. கார்டு. தரையெல்லாம் ஈரம். மாசத்துல மூணு நாளு வருமே, அதுக்கு மூடி போட்ட டப்பா ஒண்ணு வேண்டாமா? வீட்டுல பொம்பளைங்க யாருகிட்டயும் கேக்கலையா?" என்றாள். கேட்பதற்கு வீட்டில் யார் இருக்கிறார்கள்? ஐந்து வரைபடம் போட்டேன், கண்ணாடிக்கு அளவு குறித்தேன், வென்டிலேட்டருக்குக் குறித்தேன், ஓர் ஆணிக்கு இடம் குறிக்கவில்லை. முப்பத்தொரு வருடம் அவளோடு குடித்தனம் செய்தவன் நான். அன்றாடம் வாசலில் அவள் வீசிய பையை எடுத்து உள்ளே மாட்டியவனும் நான்தான். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை மச்சான். அவள் உயிரோடு இருந்தபோதும் தெரியவில்லை, செத்த பிறகு அவளுக்காகக் கட்டும்போதும் தெரியவில்லை.

ஆகையால் நீங்கள் ஜெயித்தீர்கள். அவள் பெயர் அங்கே இருக்கிற வரை யாரும் தைரியமாக உள்ளே போகப் போவதில்லை, உங்களுக்கும் மனம் ஆறப்போவதில்லை. நாளைக் காலை கல்லைப் பெயர்த்தெடுக்க சாம்சனை வரச் சொல்லிவிட்டேன். கட்டடம் பெயரில்லாமல் இருக்கட்டும். நீங்கள் சொன்னபடியே கெபி கட்டுவோம், அதில் பெயர் போடுவோம், என்ன எழுதுவது என்பதை நீங்களே பார்த்துச் சொல்லுங்கள், சாம்சனை நம்ப வேண்டாம். வருகிற சனிக்கிழமை காலை ஆறரைக்கு நினைவுத் திருப்பலி. கோபத்தை மறந்து குடும்பத்தோடு வரவேண்டும். வீட்டில் அவள் இல்லை, நீங்களும் வராவிட்டால் அது வீடாகவே இருக்காது.

தங்கச்சி ஷாரோனுக்கு என் அன்பு. பிள்ளை ஃபிரடிக்கு நெற்றியில் சிலுவை போட்டு அத்தையும் மாமாவும் ஆசீர்வதித்ததாகச் சொல்லவும். தேவமாதா உங்கள் எல்லோரையும் தன் மேலங்கிக்குள் வைத்துக் காப்பாளாக.

இப்படிக்கு,
தோற்றுப்போன மாமா,
அமிர்தநாதன்

பி.கு.: இன்று புதன்கிழமை. கடிதத்தை ஒட்டவில்லை, ஒட்டாததும் நல்லதாயிற்று. காலையில் கதவுகளில் கொக்கி அடித்து, மூடி போட்ட வாளிகளும் வைத்துவிட்டு நிமிர்ந்தால், வெளியே பதினொரு பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். பூமாரி ஹாஸ்டல் முழுக்கச் சொல்லியிருக்கிறாள். வெயிலுக்கு முன்னால் வேலையை முடிக்க சாம்சனும் உளியோடு வந்துவிட்டான். அந்த நேரம் பார்த்து பஸ் சீக்கிரமாக வந்துவிட்டது. பெண்கள் ஓடிப்போய் ஏறினார்கள், டிரைவர் ஹாரன் அடித்தார், "இன்னும் யாரும்மா வரணும்?" என்று கத்தினார். ஜன்னல் ஓரத்தில் இருந்த உள்ளூர்ப் பெண் ஒருத்தி தலையை நீட்டி, "அண்ணே, ரெண்டு நிமிசம் நில்லு. ஜெர்சி கிளாராக்கா வூட்டுக்குப் போய்கீறா, வந்துடுவா" என்றாள். எந்த கிளாரா என்று டிரைவர் கேட்கவில்லை. என்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் யாரும் சிரிக்கவும் இல்லை. அந்தப் பெண் ஜெர்சி கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாக வந்து ஏறினாள், தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தாள், அதற்குப் பிறகுதான் பஸ் கிளம்பியது. நான் பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். "சார், பேத்துடட்டுமா?" என்று சாம்சன் கேட்டான். கடைசி வரியை மட்டும் செதுக்கி எடுக்கச் சொன்னேன், பெயர் அங்கேயே இருக்கிறது. கெபி கட்டவில்லை. நீங்கள் பயந்தது நடந்துவிட்டது மச்சான், இன்னும் ஒரு மாதத்தில் சுங்குவார்சத்திரம் வரை இப்படித்தான் சொல்லப்போகிறார்கள். மேலே எழுதியதையெல்லாம் அடித்ததாக வைத்துக்கொள்ளவும், அழைப்பையும் சேர்த்து. அக்கா வீட்டுக்கு வரத் தம்பியை யாரும் அழைக்க வேண்டியதில்லை.