மாற்றத்தை அளக்க வந்தவர்

வாசக அன்பர்களே, பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் அண்மைக் காலமாகப் புதிய ஜீவராசி ஒன்று பெருகிவருவதை நீங்களும் கவனித்திருக்கலாம். தோளில் ஜோல்னாப் பை, பைக்குள் ஒரு கட்டு வினாத்தாள், சட்டைப் பையில் மூன்று நிறத்தில் பேனா, முகத்தில் நம்மைப் பற்றி நமக்கே தெரியாத எதையோ தெரிந்துவைத்திருக்கும் பரிவு. பயன்பாட்டு ஆய்வாளர் என்பது இனத்தின் பெயர். கம்ப்யூட்டர் வந்து சமுதாயத்தை எப்படியெல்லாம் மாற்றிவிட்டது என்று கண்டுபிடிப்பது இதன் தொழில். கம்ப்யூட்டர் வந்துவிட்டதா என்பது அதற்கு இரண்டாம் பட்சம்.

"ஒரு அஞ்சே நிமிஷந்தாங்க சார்" என்பது இதன் கூவல். அதைக் கேட்டு உட்காரச் சொன்னவர்கள் அன்றைய பொழுதை மறந்துவிட வேண்டியதுதான்.

நம் கைக்கு அகப்பட்ட மாதிரியின் பெயர் மணிவேல். அரியலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர். 'பல்துறைத் தொழில்களில் கணினிமயமாதலின் சமூகத் தாக்கங்கள்' என்பது அவருடைய முனைவர் பட்டத் தலைப்பு. தாக்கம் என்ற சொல்லின் மேல் அவருக்கு அப்படியொரு பிரியம். ஒரு டாக்டரிடம் போய், கணினி வந்த பிறகு ஊசி போடும் முறையில் ஏதேனும் தாக்கம் உண்டா என்று கேட்டார். "நான் கம்ப்யூட்டரே வாங்கலீங்களே" என்றார் டாக்டர். மணிவேல் தாளில் குறித்துக்கொண்டார்: 'மாற்றத்துக்கு எதிர்ப்பு.' பத்திரம் எழுதும் வைரக்கண்ணு கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி, டர்க்கி டவல் போர்த்தி, ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மற்ற நாளில் தொடாமல் பத்திரமாக வைத்திருந்தார். 'மாற்றத்தை மரபோடு இணைத்தல்.' கீழப்பழுவூர் வக்கீல் ஒருவர் கட்சிக்காரர்களை வாசலில் உட்கார வைத்துவிட்டுத் திரையில் சீட்டாடிக்கொண்டிருந்தார். 'முழுமையான கணினி ஈடுபாடு.'

இவரிடமிருந்து தப்ப வழி ஏது, சொல்லுங்கள்? வாங்கினாலும் தாக்கம், வாங்காவிட்டாலும் தாக்கம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆய்வேட்டின் முடிவுரையை அவர் சித்திரையிலேயே எழுதிவிட்டார். அதற்குப் பொருத்தமான மனிதர்களைத் தேடி வெயிலில் கிளம்பியது வைகாசியில். அந்த முடிவுரையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள் பெரம்பலூரில் பிரவுசிங் சென்டர் நடத்தும் பரிமளா. மணிவேலுக்கு ஈமெயில் முகவரிகூட உண்டு. அதைத் திறக்கும் கடவுச்சொல்லும் பரிமளாவிடம்தான் இருந்தது.

இப்படியாக 2005ஆம் ஆண்டு வெள்ளிக்கிழமை ஒன்றின் பிற்பகலில், மணிவேல் அந்தப் பிரவுசிங் சென்டரில் ஆள் தேடிக்கொண்டிருந்தபோது, லப்பைக்குடிகாட்டிலிருந்து பாத்திமா பீவி தன் மகள் ஃபைஸாவை அழைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். குவைத்தில் வேலை பார்க்கும் அஸ்ஃபாக்குக்கும் ஃபைஸாவுக்கும் பேச்சு நடக்கிறது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து பார்த்துப் பிடித்துப்போயிற்று. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. வெப் கேமராவில் ஒரு தரம் பார்த்துப் பேசிவிட்டால் நாள் குறித்துவிடலாம்.

ஃபைஸா பி.எஸ்சி. முடித்தவள். பி.எட். படித்து டீச்சராக வேண்டும் என்று இருப்பவள். மாப்பிள்ளை படிக்க விடுவாரா என்று தெரியாமல் தலையாட்டக் கூடாது என்பது அவள் எண்ணம். அதைக் கேட்கவே கூடாது என்பது அம்மாவின் உத்தரவு.

"மொத தடவ பேசுறப்பவே கேள்வி கேக்குற பழக்கமெல்லாம் நம்ம வூட்டுல இல்ல புள்ள. சலாம் சொல்லு, சிரிச்சுக்க, அது போதும்."

"சிரிச்சா படிக்க வச்சிருவாராம்மா?"

"வாய மூடு. கம்ப்யூட்டர் கேக்கும்."

மணிவேல் பாய்ந்து போய் எதிரில் நின்றார். குடும்பம், மதம், வளைகுடா, கணினி, நான்கும் ஒரே கேபினில் கிடைத்தால் எந்த ஆய்வாளர்தான் நிற்காமல் இருப்பார்?

"அம்மா, ஒரு அஞ்சே நிமிஷந்தாங்க. நீங்க பாட்டுக்குப் பேசுங்க. நான் ஓரமா உக்காந்து கவனிச்சுக்கறேன். நான் இல்லேன்னு நெனச்சுக்குங்க."

காலேஜ் வாத்தியார் இவ்வளவு பணிவாகக் கேட்கும்போது எப்படி மறுப்பது? பாத்திமா பீவி சரியென்றார்.

இனித்தான் கவனிக்க வேண்டும். மாமியாராகப் போகிறவர் மாப்பிள்ளையின் கண்ணில் படுவது அவர்கள் வழக்கத்தில் இல்லை. திரையில் குவைத் தெரிந்ததுதான் தாமதம், பாத்திமா பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மகளின் பக்கத்திலிருந்து சரேலென்று விலகிக் கதவோரம் ஒண்டிக்கொண்டார். அந்த இடம் காலியாக இருந்தது. அங்கிருந்து பார்த்தால் திரை தெளிவாகத் தெரியும். மணிவேல் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அங்கே அமர்ந்தார். ஃபைஸா தலையைக் குனிந்திருந்தாள். கேமரா குனியவில்லை. பெண்ணையும் பெண்ணருகே பெரிய மீசையுடன் அமர்ந்திருந்த ஓர் ஆடவரையும் அது சிரத்தையாகக் குவைத்துக்கு அனுப்பிவைத்தது. அனுப்பிய கையோடு லைன் மந்தமாகி, அங்கே படம் அப்படியே உறைந்துபோயிற்று. குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றான் அஸ்ஃபாக். பிறகு, "பக்கத்துல யாரு?"

கதவோரத்திலிருந்து பாத்திமா பீவி குரல் கொடுத்தார். "யாருமில்ல மாப்புள்ள, நாங்க மட்டுந்தான் இருக்கோம்."

அவர் பொய் சொல்லவில்லை. மணிவேல்தான் தன்னை இல்லையென்று நினைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாரே!

"மீசை வச்சுக்கிட்டு ஒருத்தரு ஒக்காந்துருக்காரே மாமி. என்னையே மொறச்சுப் பாக்குறாரு."

ஃபைஸா நிமிர்ந்தாள். திரையின் மூலையிலிருந்த சின்னப் படத்தில் தன் பக்கத்தில் மணிவேலைப் பார்த்தாள். "சார், நீங்க யாருன்னு அவருகிட்ட சொல்லுங்க சார்!"

மணிவேல் உதட்டில் விரல் வைத்தார். "நான் குறுக்கிடக் கூடாதும்மா. தரவு கெட்டுரும்." பிறகு தாளில் எழுதிக்கொண்டார்: 'திரைவழி உறவில் நம்பிக்கைக் குறைவு.'

"சரி மாமி, நான் வச்சிர்றேன்" என்றான் அஸ்ஃபாக். குரலில் ஈரமில்லை. "அம்மாட்ட பேசிக்கிறேன்."

'அம்மாட்ட பேசிக்கிறேன்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாத்திமா பீவி "அல்லாவே" என்று சுவரில் சாய்ந்தார். சத்தம் கேட்டு ஓடிவந்த பரிமளா ஒரே பார்வையில் விஷயத்தைப் புரிந்துகொண்டு, "எந்திரிங்க சார் மொதல்ல" என்று ஜோல்னாப் பையைப் பிடித்து மணிவேலை வெளியே இழுத்தாள். இழுத்த வேகத்தில் வினாத்தாள் ஃபைஸாவின் மடியில் விழுந்தது.

"வச்சுராதீங்க" என்றாள் ஃபைஸா. "அவரு ஆராய்ச்சி பண்றவரு. ஊருல எல்லாரையும் கேள்வி கேக்குறவரு. எங்க ஒறவு கெடையாது. உங்களையும் ஒரு கேள்வி கேக்கணும்."

"என்னையா?"

தாளை உயர்த்திப் பிடித்து, அதைப் பார்க்காமலே அவள் படித்தாள். "நிக்காவுக்கு அப்புறம் பொண்ணு பி.எட். படிக்கிறது பத்தி உங்க கருத்து. முழுசா ஒத்துக்கறேன், ஒத்துக்கறேன், கருத்தில்ல, ஒத்துக்கல, சுத்தமா ஒத்துக்கல. இதுல ஒன்னு சொல்லுங்க."

கதவோரத்திலிருந்து எட்டி அம்மா அவள் தொடையைக் கிள்ளினார். வெளியிலிருந்து மணிவேல் பதறினார். "அந்தக் கேள்வி என் தாள்ல இல்லையே!"

குவைத் யோசித்தது. அதற்குள் பாத்திமா பீவி சொல்லிக்கொண்ட துஆக்களுக்குக் கணக்கில்லை.

"ஒன்னுதான் சொல்லணுமா?"

"ஒன்னேதான்."

"முழுசா ஒத்துக்கறேன்" என்றான் அஸ்ஃபாக். "டீச்சர் மாதிரிதான் கேக்குறீங்க. ஆனா அந்த சாரு எந்திரிச்சுப் போனா நல்லாருக்கும்."

"அவரு எப்பவோ போயிட்டாருங்க. படந்தான் போவல."

அவன் சிரித்தது கேபினுக்கு வெளியே வரை கேட்டது. கடல் கடந்த ஒரு திரையில், மாற்றத்தை ஆராயப் போனவர் மட்டும் கொஞ்சமும் மாறாமல் அதே மீசையோடு அமர்ந்திருந்தார்.

ஃபைஸா பி.எட். சேர்ந்துவிட்டாள். அஸ்ஃபாக்குக்கு லீவு கிடைத்து நிக்காவும் நடந்தது. மணிவேலின் ஆய்வும் முடிந்தது. கடைசிப் பக்கத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த பரிமளா ஒரு வரியில் நின்றுவிட்டாள். 'கணினித் திரையின் முன் மணப்பெண்கள் மௌனம் காக்கிறார்கள்.'

"சார், அந்தப் பொண்ணு பேசுச்சே சார்?"

"பேசுச்சு. என் கேள்விக்குப் பதிலா பேசலையேம்மா. அத எந்தக் கட்டத்துல போடுறது?"

முனைவர் பட்டம் கிடைத்துவிட்டது. இப்போது டாக்டர் மணிவேல்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நேற்று டீக்கடையில், செல்போன் வந்ததிலிருந்து இந்தக் காலத்துப் பிள்ளைகள் பெரியவர்களிடம் எதையும் மனம்விட்டுப் பேசுவதில்லை என்று, நாலு பேர் தலையாட்ட, முடிவுரை வழங்கினீர்களாமே? அந்த டீக்கடைக்கு வீட்டிலிருந்து கிளம்பும்போது உங்கள் மகள் வாசல்வரை வந்து ஏதோ சொன்னாளே, என்ன சொன்னாள்?

நினைவில்லையா? சரிதான். வாழ்த்துகள், டாக்டர்.