மூன்று முட்டை போண்டா

கோழிக்கோட்டுக்குப் போகவேண்டிய முட்டை லோடு பாலக்காட்டில் இறங்கிவிட்டது. பில் போட்ட மஞ்சுளா தலைகுனிந்து நின்றாள். மேனேஜர் செங்கோட்டையன் கத்துவதற்கு வாயைத் திறந்தார். பிறகு ஏதோ ஞாபகம் வந்து மூடிக்கொண்டார்.

போன வாரம்தான் சேலத்தில் தலைமைப் பண்புப் பயிற்சி. பாராட்டுவதை எல்லோர் முன்னாலும் செய்யுங்கள், கண்டிப்பதைத் தனியாகச் செய்யுங்கள் என்றார்கள். முதலாளி வெங்கடாசலமும் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். அஸ்தம்பட்டியில் திறக்கப்போகும் புதுக் கிளைக்குத் தலைவர் யார் என்று அவர் இன்னும் சொல்லவில்லை. அந்த நாற்காலிக்காகச் செங்கோட்டையன் என்ன வேண்டுமானாலும் செய்வார். கோபத்தைக்கூட அடக்குவார்.

ஆனால் நாமக்கல் ஆபீஸ் ஒரே ஹால். தனியிடம் என்றால் கழிப்பறைதான். அதனால் மஞ்சுளாவை எதிரே காளியப்பனின் டீக்கடைக்கு அழைத்துப் போனார். வெறுமனே கண்டித்தால் மனசு நோகுமே என்று ஒரு முட்டை போண்டாவும் வாங்கிக் கொடுத்தார்.

மஞ்சுளா வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பியதை ஆபீஸே பார்த்தது.

மறுநாள் குமரன் லாரி நம்பரை மாற்றி எழுதினான். சின்னத் தப்பு, டீ மட்டும். அதற்கடுத்த நாள் இரண்டு லோடை மாற்றி அனுப்பிவிட்டு, மேனேஜர் கூப்பிடுவதற்கு முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். அதன்பிறகு தினமும் நாலு மணியானால் யாராவது ஒருவர் தப்பு செய்தார்.

செங்கோட்டையன் விடவில்லை. பயிற்சியின் மறுபாதியைக் கையிலெடுத்தார். தப்பே செய்யாத உஷாராணியை நடு ஹாலில் நிறுத்தி எல்லோரையும் கைதட்டச் சொன்னார்.

உஷாராணிக்கு முகம் வாடிவிட்டது. "கைதட்டெல்லாம் வேண்டாமுங்க சார். நல்லாப் பாருங்க, என்ற பில்லுலயும் ஒரு தப்பு இருக்குமுங்க."

வெள்ளிக்கிழமை முதலாளியே வந்துவிட்டார். கையில் கேரளாவிலிருந்து வந்த புகார்க் கட்டு. செங்கோட்டையன் திட்டு வாங்கத் தயாராக எழுந்து நின்றார். ஆனால் முதலாளி சிரித்தபடி தோளில் கை போட்டார்.

"வாங்க செங்கோட்டையன், ஒரு டீ குடிச்சுட்டு வரலாம்."

அவருக்கு உயிர் வந்தது. டீக்கடையில் முதலாளி மூன்று முட்டை போண்டா சொன்னார், மூன்றும் செங்கோட்டையனுக்கே. அஸ்தம்பட்டி உறுதி என்று நினைத்தபோது அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

காளியப்பன் தட்டை வைத்துவிட்டு, அவர் காதோரம் குனிந்து கவலையோடு கேட்டார்.

"மூணு போண்டாவுங்களா? ஏனுங்க சார், அப்படி என்ன தப்புப் பண்ணிப்போட்டீங்க?"