காசிம் காக்காவின்ர வயலில இறங்கின கதை

அந்தச் சனிக்கிழமை எனக்கிருந்த வேலை ஒண்டே ஒண்டு. வவுனியாவில பிளேனில ஏறி, அது நிலத்துக்கு வரமுதல் இறங்கோணும்.

ஏன் எண்டு கேப்பியள். சொல்லுறன்.

அறுபதுகள் தொடங்கின காலம். நான் கிளிநொச்சியில ஒரு அரசாங்கக் கந்தோரில கிளாக்கர். ஒருநாள் நோட்டீஸ் பலகையில ஒரு கடுதாசி ஒட்டியிருந்தது. கடைசி வரியில, 'பயிற்சிக்குச் செல்வோருக்குச் சம்பளத்துடன் நான்கு நாள் லீவு' எண்டு கிடந்தது. நான் எந்தக் கடுதாசியையும் கீழயிருந்து மேல வாசிக்கிற ஆள். லீவைக் கண்டவுடனே கையெழுத்து வைச்சிட்டன்.

முதல் வரியை வாசிச்சது பின்னேரம். 'பரசூட்டில் குதிக்கப் பழகுதல்.'

தலைமைக் கிளாக்கரிட்ட ஓடினன்.

"ஐயா, என்ர பேரை வெட்டேலுமோ?"

"கொழும்புக்கு அனுப்பியாச்சு. இந்தக் கந்தோரில இருந்து போன ஒரே பேர் உம்மடதான். நான் பெருமைப்பட்டுக் கொண்டிருக்கிறன். கெடுக்காதையும்!"

வீட்டை வந்து மனிசியிட்டச் சொன்னன். பிலோமினா முல்லைத்தீவுக் கடற்கரையில பிறந்தவ. புயலுக்கே பயப்பிடாதவ.

"என்ன கோர்ஸ்?"

"இறங்கிற கோர்ஸ்."

"ஏணியில ஏறி ஓடு மாத்தத் தெரியாது. இறங்க மட்டும் படிக்கப் போறியளோ?"

தடுப்பா எண்டு பாத்தன். தடுக்கேல்லை. உடுப்பை மடிச்சுப் பெட்டியில வைச்சுத் தந்திட்டா.

படிப்பிச்சவர் டிக்சன் மாஸ்டர். கொழும்புப் பறங்கியர். ரெண்டாம் உலகச் சண்டைக் காலத்தில கனதரம் குதிச்சவராம். முதல் மூண்டு நாளும் தரையில பாடம். மேசையில இருந்து குதிச்சம். பிறகு லொறியில இருந்து குதிச்சம்.

"ரெண்டு காலையும் சேர்த்து வைங்க! விழுந்தவுடனே சாக்கு மாதிரி உருளுங்க!"

சாக்கு மாதிரி உருளுறதில நான்தான் முதலாம் ஆள். உருண்டு உருண்டு போய் நாயுண்ணிப் பத்தைக்குள்ள கிடந்தன்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

"மாஸ்டர், இந்தக் குடையை ஆர் திறக்கிறது?"

"ஒருத்தரும் திறக்க வேணாம். ஒரு கயிறு பிளேனில கட்டியிருக்கும். நீங்க பாஞ்சா அது இழுத்துத் திறந்துவிடும்."

"திறக்காட்டி?"

"வயித்தில இன்னொரு சின்னக் குடை இருக்கு. அதை நீங்க இழுக்கணும்."

"நான் மறந்துபோனா?"

மாஸ்டர் மணிக்கூட்டைப் பாத்தார். "மத்தியானச் சாப்பாட்டுக்குப் போங்க" எண்டார்.

சனிக்கிழமை விடிய, தங்கியிருந்த இடத்தில புட்டும் மீன் குழம்பும் தந்தாங்கள். கடைசிச் சாப்பாடாயிருந்தாலும் இருக்கும் எண்டு ரெண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டன்.

பிளேனில மாணவர் மூண்டு பேர். மாங்குளத்து விளையாட்டு வாத்தியார் முதல். மரம் அரிஞ்சு விக்கிற மரக்காலை வைச்சிருக்கிற ஒருத்தர் ரெண்டாவது. நான் கடைசி. எனக்கு அந்த ஒழுங்கு நல்லாப் பிடிச்சிருந்தது. ரெண்டு பேருக்கு நடக்கிறதைப் பாத்திட்டு முடிவெடுக்கலாம்.

ஏறி இருந்து பாக்கிறன், பிளேனுக்குக் கதவைக் காணேல்லை.

"மாஸ்டர், கதவு?"

"கழட்டியாச்சு."

நான் வாசலுக்கு ஆகத் தூரமான மூலையில போய் இருந்தன்.

பிளேன் எழும்பினது. மூண்டு பேரின்ர கயித்தையும் மாஸ்டர் பிளேனில கொழுவினார். பிளேன் ஒருக்கால் சரிஞ்சு திரும்பினது. புட்டும் திரும்பினது.

அடக்கிப் பாத்தன். அடங்கேல்லை! பிளேனுக்குள்ள சத்தியெடுக்க வெக்கம். அரசாங்க உத்தியோகத்தர் எல்லே. மரக்காலைக்காரரை விலத்தி, வாத்தியாரைத் தாண்டி, வாசலுக்குப் போய், தலையை மட்டும் வெளியால நீட்டினன்.

தலை போன பக்கம் மிச்சமும் வந்திட்டுது.

'ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு' எண்டு எண்ணோணும் எண்டு படிப்பிச்சவை. நான் எண்ணேல்லை. "மடு மாதாவே!" எண்டு கத்தினது மட்டும் ஞாபகம். பிறகு தோளில ஒரு உலுக்கு. நிமிந்து பாக்கிறன், தலைக்கு மேல வெள்ளைக் குடை விரிஞ்சு நிக்குது!

அழுதன். இதை மனிசிக்கு இன்னும் சொல்லேல்லை.

கீழ குளங்கள் பளபளவெண்டு கிடந்தது. மாங்குளப் பக்கம் ஒரு ரயில் மட்டத்தேள் மாதிரி ஊர்ந்து போச்சு. சத்தமே இல்லை. நான் பிறந்ததுக்கு இப்பிடி ஒரு அமைதியைக் கண்டதில்லை. அரை நிமிசம் நான் பெரிய மனிசன்.

பிறகு பாத்தா, இறங்க வேண்டிய வெளி ஒரு பக்கம் கிடக்குது, காத்து என்னை மற்றப் பக்கம் கொண்டுபோகுது. நேர கீழ ஒரு வயல். ஒருத்தர் எருமைச் சோடியில பலகை கட்டி, சேத்தை மட்டம் பண்ணிக்கொண்டு நிக்கிறார்.

"விலத்துங்கோ! விலத்துங்கோ!" எண்டு கத்தினன்.

அவர் முன்னால பாத்தார். பின்னால பாத்தார். மேல பாக்கேல்லை. ஆர்தான் பாப்பினம்?

தொப்பெண்டு சேத்துக்குள்ள விழுந்தன். ரெண்டு காலும் சேந்துதான் இருந்தது. முழங்காலளவு புதைஞ்சதால பிரிக்கேலாது. எருமை ரெண்டும் பலகையோட ஓடிட்டுது.

எழும்ப முதல் குடைக்குள்ள காத்துப் பூந்தது. அது என்னைக் கொற இழுவையா இழுத்துக்கொண்டு வயலின்ர இந்த வரம்பில இருந்து அந்த வரம்பு வரைக்கும் போச்சு. ஒரு பெண்மணி ஓடிவந்து குடைக்கு மேல ஏறி இருந்ததாலதான் நிண்டது. எருமைக்காரர் காசிம் காக்கா, குடையில ஏறி இருந்தவ அவரின்ர மனிசி ஆயிஷா ராத்தா எண்டு பிறகுதான் தெரியும். முஸ்லிம் ஆக்கள் அண்ணனைக் காக்கா எண்டும் அக்காவை ராத்தா எண்டும் சொல்லுவினம்.

காக்கா ஆறுதலாக் கிட்ட வந்தார்.

"தம்பி எங்க இருந்து வாறீங்க?"

"கிளிநொச்சி."

"ஏன், பஸ் ஓடேல்லையா?"

நான் வாய்க்குள்ள இருந்த சேத்தைத் துப்பினன். ராத்தா குடையில இருந்தபடியே கேட்டா. "கலியாணம் முடிச்சிட்டீங்களா?"

"ஓம்."

"நீங்க இந்த வேலை பாக்கிறது பொஞ்சாதிக்குத் தெரியுமா?"

"அவாதான் பெட்டி அடுக்கித் தந்தவ."

ராத்தா புருசனைப் பாத்தா. புருசன் ராத்தாவைப் பாத்தார். பாவம் எண்ட மாதிரி எனக்குத் தேத்தண்ணி ஊத்தித் தந்தினம்.

காக்கா நான் இழுபட்டு வந்த பாதையைக் குனிஞ்சு பாத்தார். "எருமை இவ்வளவு மட்டமாச் செய்யாது" எண்டார். பிறகு கொஞ்சம் தயங்கி, "தம்பி, காத்து நிக்க முதல் அந்த மூலையையும் ஒருக்கா..." எண்டார்.

நல்ல வேளை, டிக்சன் மாஸ்டரின்ர ஜீப் வந்திட்டுது. ஏசப் போறார் எண்டு நினைச்சன். மனிசன் சேத்தோட கட்டிப் பிடிச்சார்!

"இத்தனை வருசத்தில இப்படி ஒரு ஸ்டூடண்டை நான் பாக்கல்ல! நான் 'போ' எண்டு சொல்ல முதலே பாஞ்சிட்டீங்களே!"

"மற்ற ரெண்டு பேரும் எங்க, மாஸ்டர்?"

"அவங்க பாயல்ல. ஆளை ஆள் பிடிச்சுக்கொண்டு பிளேனோடயே வந்து இறங்கினாங்க."

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தன். அவர் அதுக்குள்ள இன்னொருக்காக் கட்டிப் பிடிச்சிட்டார்.

அடுத்த கிழமை மாஸ்டரிட்ட இருந்து கந்தோருக்குக் கடிதம் வந்தது. 'உங்கள் உத்தியோகத்தர் உத்தரவுக்குக் காத்திராமல் செயலில் இறங்கும் அபூர்வ மனிதர்.' தலைமைக் கிளாக்கர் அதை மூண்டு தரம் வாசிச்சார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "இது உம்மைப் பற்றித்தானோ?" எண்டு கேட்டார்.

ஓம் எண்டன். எட்டு வருச உத்தியோகத்தில, ஒருத்தர் சொல்ல முதல் நான் செய்த ஒரே வேலை அதுதான்.